கிளை பிரிந்த பிறகு வந்த திருத்தம்

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே வெயில். தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. கேஸுக்குச் சொல்ல வேண்டும். தைக்கக் கொடுத்த ஜாக்கெட் இன்னும் வரவில்லை.

நல்ல செய்தி. என் திருத்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! அடிமரத்தில், அதாவது எல்லார் நிரலும் வந்து சேரும் மூலத்தில், சேர்ந்துவிட்டது. அப்பாடா.

பின்னால் புரட்டும்போது எனக்கே குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பு. இந்த இயங்குதளம் (இனி இ.த.) எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. ஊர் ஊராக, நாடு நாடாக ஆட்கள் சேர்ந்து சும்மா ஆசைக்குக் கட்டுவது. அதில், திரையில் உள்ள எழுத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லும் குரலுக்கு நான் பொறுப்பு. கல்லூரி லேப் வேலை போக மிச்ச நேரத்தில் இது. வரப்போகிற புதுப் பதிப்பில் அந்தக் குரலுக்கு ஒரு கேடு: வரியில் எண் வந்தால் ஊமையாகிவிடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத்தான் என் திருத்தம்.

கண் தெரிந்தவர்களுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இசக்கி சாருக்கு அப்படி இல்லை. இ.சார் வரலாறு வாத்தியார். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வரலாற்றில் வருஷம் இல்லாத வரி எங்கே இருக்கிறது? ஜூனில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கணினிகள் வருகின்றன, புதுப் பதிப்போடு. பழையதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புதியவை பூட்டிய கணினிகள். அதிகாரபூர்வ வெளியீட்டில் வருவதைத் தவிர நாமாக எதையும் ஏற்ற முடியாது. எச்.எம். முன்னமே சொல்லிவிட்டாராம்: "வாசிக்கிற மிஷின் வேலை செஞ்சா பன்னெண்டாம் வகுப்பு உங்களுக்கு. இல்லன்னா ஆறாம் வகுப்பு எடுத்துக்கிடுங்க, பொதுத்தேர்வு விஷயம் பாருங்க." இத்தனை வருஷம் பன்னிரண்டு எடுத்தவர்.

உடனே போன் போட்டேன்.

"சார், சரியாயிட்டு!"

"நெசமாவா? எண்ணு வந்தா நிக்காதா?"

"நிக்காது."

"அப்பம் எச்.எம்.கிட்ட சொல்லிரட்டா?"

"தாராளமா சொல்லுங்க சார்."

சந்தோஷத்தில் சொதி வைத்தேன், இஞ்சிப் பச்சடியோடு. இவர், என் வீட்டுக்காரர், கடையை அடைத்துவிட்டு (போன் ரிப்பேர் கடை, வண்ணாரப்பேட்டையில்) வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏட்டி, இன்னைக்கி என்ன விசேஷம்?"

"குரல் நிக்காம பேசுது."

"நம்ம வீட்டுலயா? அது என்னைக்கி நின்னுச்சு?"

கரண்டியால் ஒன்று போட்டேன்.


ஏப்ரல் 17, வெள்ளி

முன்னோட்டப் பதிப்பு வந்திருக்கிறது. வெளியீட்டுக்கு முன்னால் எல்லாரும் ஏற்றிப் பார்த்துக் குறை சொல்வதற்கு. மத்தியானம் லேப் காலி. ஏற்றினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தைத் திறந்தேன்.

"இந்தியா விடுதலை பெற்ற ஆண்டு…" அதோடு சரி. 1947 வாயில் வரவில்லை. ஊமை.

திரும்பவும். ஊமை. கணினியை அணைத்துப் போட்டேன். ஊமை.

வீட்டுக் கணினியில், அடிமரத்திலிருந்து எடுத்ததில், பேசுகிறது. கணீரென்று பேசுகிறது. அவர்கள் வெளியிட்டதில் இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அப்படியே மடல் போட்டேன்: "ஏற்றுக்கொண்ட என் திருத்தத்தை எடுத்தது யார்? ஏன் என்னிடம் கேட்கவில்லை?" ஊருக்கே தெரியும் பொது மடல்.

சாயங்காலம் பதில். வெளியீட்டுக் குழு ஆள். கையெழுத்தில் ஓர் எழுத்துதான், தமிழில் 'ஹெ.' என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நாடோ தெரியாது. எழுதியிருந்தது: "யாரும் எடுக்கவில்லை. அது உள்ளே வரவே இல்லை. வெளியீட்டுக் கிளை மார்ச் கடைசியில் பிரிந்துவிட்டது. உங்கள் திருத்தம் அதற்குப் பின்னால் வந்தது."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கிளை பிரியப்போகும் அறிவிப்பு மடலும் எனக்கு வந்துதான் இருக்கிறது. படிக்காமல் தள்ளியிருக்கிறேன், மூதி.

இ.சார் போன்: "எச்.எம்.கிட்ட அழுத்தமா சொல்லிட்டேம்மா. பன்னெண்டுக்கு என் பேர எழுதிட்டார்."

"ம்" என்றேன்.


ஏப்ரல் 19, ஞாயிறு

முட்டாள்தனத்துக்கு ஒரே மருந்து உட்கார்ந்து படிப்பதுதான். காலையிலிருந்து இ.த.வின் வெளியீட்டு விதிகள். இத்தனை வருஷம் இதற்குள் இருந்துகொண்டு இதைப் படித்ததில்லை. குரல் ஓடினால் போதும் என்று இருந்திருக்கிறேன்.

புரிந்தது, என் வார்த்தையில்:

அடிமரம்: எல்லாரும் தினமும் புதிது சேர்க்கும் இடம். நிற்காமல் வளரும். இன்று ஓடும், நாளை உடையும். ஜனங்கள் கையில் கொடுக்க முடியாது.

வெளியீட்டுக் கிளை (வெ.கி.): ஒரு நாள் அடிமரத்தை இருந்தபடியே படியெடுத்துத் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். அதன் பிறகு இதில் புதிது கிடையாது, பழுது பார்ப்பது மட்டும். ஆடி அடங்கியதும் இதுதான் வெளியீடு. அடிமரம் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். அங்கே போட்டது தானாக இங்கே வராது. தானாக வராது! தானாக வராது!

பழைய கிளை: முந்தைய வெளியீடு. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொஞ்ச காலத்துக்கு. இ.சார் இப்போது இதில்தான். இது புதுக் கணினியில் ஏறாது.

ஆக இப்படியே விட்டால் என் திருத்தம் ஜனங்கள் கைக்கு வருவது இதற்கு அடுத்த வெளியீட்டில். அதற்கு இரண்டு வருஷம் ஆகும். அதுவரை இ.சாருக்கு ஆறாம் வகுப்பு. வெ.கி.க்குள் கொண்டுவர ஒரே வழி, வெளியீட்டுக் குழுவிடம் தனியாகக் கேட்பது. மே பாதியோடு அந்தக் கதவும் மூடும்.

இவர் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னட்டி, யாரு செத்தா?"

இவர் அப்பா வயல் மேலக்கால் வாய்க்கால் பாசனம். அதனால் கேட்டேன். "மருதூர் அணைக்கட்டுக்குக் கீழ ஆத்துல தண்ணி விட்டா மேலக்கால்ல ஏறுமா?"

"எப்பிடி ஏறும்? கோட்டியா உனக்கு? கால் அணைக்கட்டுலல்லா பிரியுது."

"அதத்தான் நான் செஞ்சிருக்கேன்."

சிரிக்கவில்லை, நல்ல வேளை. "அப்பம் கீழ விட்டத மேல கொண்டு போயி விடு. மடைச் சாவி யாருகிட்ட இருக்கு?"

ஹெ.கிட்ட. நான் போன வெள்ளிக்கிழமை பொதுவில் ஏசிய அதே ஹெ.கிட்ட.

இட்லி மாவு பொங்கி வழிந்து தரையெல்லாம். துடைத்தேன்.


ஏப்ரல் 20, திங்கள்

இ.சாரிடம் சொன்னேன். மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

பைய கேட்டார்: "எழுதுன பேர அழிக்கச் சொல்லி நானே போயி நிக்கணுமா?"

"நிக்க வேண்டாம் சார். கொண்டு வந்துருதேன்."

"போன தடவையும் இப்பிடித்தான சொன்னிய."

சுருக்கென்றது. சரியாகத்தான் கேட்கிறார்.

ஹெ.க்கு மன்னிப்பு மடல். கூடவே முறைப்படி கோரிக்கை. அழுத்தமாக இருக்கட்டும் என்று முதல் பத்தியிலேயே இ.சாரைப் பற்றி எழுதினேன், பேர் சொல்லாமல்: பார்வையற்ற ஏழை ஆசிரியர், பாவப்பட்ட ஜீவன், இந்தக் குரல்தான் அவருக்கு உயிர், கருணை காட்டுங்கள். இங்கிலீஷில் நன்றாகவே வந்தது. படித்து எனக்கே கண் கலங்கியது. கோரிக்கை பொதுப் பக்கத்தில்தான் நிற்கும்; அதன் இணைப்பை இ.சாருக்கும் அனுப்பினேன்.


ஏப்ரல் 24, வெள்ளி

கரண்ட் இல்லை, பத்திலிருந்து. புழுக்கம். எதைத் தொட்டாலும் பிசுபிசு.

ஹெ. மறுத்துவிட்டார். மரியாதையாகத்தான். காரணங்கள்:

ஒன்று, என் திருத்தத்தில் எண் கோளாறு மட்டும் இல்லை. கையோடு கையாக நிரலில் பல இடங்களை ஒழுங்குபடுத்தியிருந்தேன், பேர்களை மாற்றியிருந்தேன், பழைய வழி ஒன்றை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருந்தேன். குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வீட்டுக்கே வெள்ளையடித்துவிட்டு வருகிற ஆள் நான். அடிமரத்தில் அது நல்ல பேர். வெ.கி.யில் அதுதான் குற்றம். "பழுதை மட்டும் சரிசெய்யும் மிகச் சிறிய மாற்றமாகக் கொடுங்கள்."

இரண்டு, எழுதியவர் அல்லாத இன்னொருவர் வெ.கி.யிலேயே ஏற்றிச் சோதித்து அறிக்கை தர வேண்டும்.

முதல் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பத்தியைப் பற்றிப் பேச ஆள் வேறு இருந்தது. மூன்று மணிக்குப் போன்.

"யாரு பாவப்பட்ட ஜீவன்?"

"சார், அது வந்து…"

"மாசா மாசம் சம்பளம் வாங்குதேன். வீடு கட்டியிருக்கேன். என் கிட்ட படிச்சவன் தாசில்தாரா இருக்கான். என்னையப் போயி உலகம் பூரா பிச்சக்காரனா எழுதி வச்சிருக்கிய. நான் கேட்டேனா ஒங்ககிட்ட?"

"நல்லதுக்குத்தான் சார் எழுதினேன்."

"ஒங்க நல்லது ஒங்களோட இருக்கட்டும்."

வைத்துவிட்டார்.

வலித்தது. கோபமும் வந்தது. இ.சாருக்காகத்தானே இவ்வளவும் என்று ஒரு நிமிஷம். அப்புறம் அந்தப் பத்தியைத் திரும்பவும் படித்தேன். என்னைப் பற்றி ஒருவர் அப்படி எழுதியிருந்தால் செருப்பைத் தேடியிருப்பேன்.


ஏப்ரல் 26, ஞாயிறு

செய்துங்கநல்லூருக்குப் போனேன், இ.சார் வீட்டுக்கு. பஸ் முழுக்கத் திருச்செந்தூர் கூட்டம். மொட்டை போடப் போகிற குழந்தை என் மடியில். பையில் நுங்கு.

வராந்தாவில் இருந்தார். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

"வாங்க. பஸ்ஸுல எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது சார்." அப்புறம் நேராக: "தப்பு சார். அப்பிடி எழுதியிருக்கக் கூடாது."

"சரி, அத எடுத்துப் போடுங்க."

"பொதுவுல எழுதுனத அழிக்க முடியாது. அங்க அப்பிடித்தான் வழக்கம். எல்லாம் நிக்கும்."

கொஞ்சம் சிரித்தார். "கல்வெட்டா? நல்லாருக்கு." வரலாறு வாத்தியார் இல்லையா.

ஹெ. கேட்ட இரண்டையும் சொன்னேன். முதலாவதை நான் பார்த்துக்கொள்வேன், இரண்டாவதற்கு ஆள் தேட வேண்டும். தமிழ்க் குரலைச் சோதிக்க அந்தக் குழுவில் வேறு தமிழர் யாரும் கண்ணில் படவில்லை.

"தேடுவானேன்? நான் சோதிக்கேன்."

"அறிக்கை நீங்களே எழுதணும் சார். இங்கிலீஷ்ல. எல்லாரும் பாப்பாங்க."

"அதுக்குத்தான் சொல்லுதேன். ஒங்க பத்தி அழியாதுன்னா அதுக்குக் கீழ என் பத்தியும் நிக்கட்டும்."

நுங்கு நன்றாக இருந்தது. அவருக்கு இரண்டு போதவில்லை.


ஏப்ரல் 30, வியாழன்

வாரம் முழுக்க வெட்டு. நான் பெருமையாகச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உருவிப் போடுகிறேன். அழகான பேர்கள், போச்சு. ஒழுங்குபடுத்தியது, போச்சு. பழைய அசிங்கமான வழியையே திரும்ப வைத்து, எண் வரும் இடத்தில் மட்டும் தையல். மனசே இல்லை. ஆனாலும் செய்தேன். இப்போது கைக்குட்டை அளவுதான் இருக்கிறது.

லேப்பில் ஒரு கணினியை ஒதுக்கி வெ.கி. ஏற்றியாயிற்று. எச்.ஓ.டி.யிடம் அனுமதி வாங்கினேன். "எதுக்கும்மா?" "ஒரு பரிசோதனை சார்." "கரண்ட் பில் கூடாம பாத்துக்கோங்க." ஒரு கணினிக்கு!


மே 2, சனி

இ.சார் லேப்புக்கு வந்தார். காதில் ஒலிவாங்கியை… சே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், குரலை என்னால் தொடரவே முடியாத வேகத்தில் வைத்துக்கொண்டு. பாடம் பாடமாக. வருஷங்கள் ஓடுகின்றன. நிற்கவில்லை. நான் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு.

"நல்லாப் போகுது" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் நின்றுவிட்டார். "இங்கன செத்துட்டு."

15/8/1947. சாய்கோடு போட்ட தேதி. தனி எண் பேசுகிறது, சாய்கோட்டோடு வந்தால் ஊமை. என் பெரிய திருத்தத்தில் இது ஓடியது. வெட்டும்போது நான்தான் ஒரு கண்ணியைச் சேர்த்து வெட்டியிருக்கிறேன். "மிகச் சிறியது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேவையானதிலும் கத்தி வைத்தாயிற்று. தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

"என்ன சத்தம்?" என்றார் இ.சார்.

"ஒண்ணுமில்ல சார்."

"மண்டைய ஒடச்சிக்கிடாதிய. அப்பொறம் யாரு திருத்த?"


மே 5, செவ்வாய்

அந்த ஒரு கண்ணியைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஆசை வந்தது, கையைக் கட்டிக்கொண்டேன்.

இ.சார் திரும்பவும் வந்தார், அந்த வெயிலில். முதல் பாடத்திலிருந்து எல்லாம் மறுபடி. "போன தடவ ஓடுனது இந்தத் தடவையும் ஓடும்னு யாரு சொன்னா?" சரிதான்.

பிறகு அறிக்கை எழுதினார். நான் உதவட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நீங்க அழுவிய." அவர் எழுதியதன் சாரம்:

"வெளியீட்டுக் கிளையில் ஏற்றிச் சோதித்தது. முதல் சோதனையில் சாய்கோட்டுத் தேதியில் குரல் நின்றது. திருத்திய பிறகு நிற்கவில்லை. மேல்நிலை வரலாற்றுப் பாடநூல் முழுவதும் வாசிக்கப்பட்டது. சோதனை முழுக்கத் திரை அணைக்கப்பட்டிருந்தது. சோதித்தவர்: வரலாற்று ஆசிரியர்."

பார்வை பற்றி ஒரு சொல் இல்லை. திரை அணைக்கப்பட்டிருந்ததாம்! எனக்குச் சிரிப்பு வந்தது.

அனுப்பினோம். ஜாக்கெட் வந்துவிட்டது. கை பிடிக்கிறது.


மே 11, திங்கள்

பதில் இல்லை. வெள்ளிக்கிழமையோடு கதவு மூடுகிறது.

மடல் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன். இவர் சொல்கிறார்: "அவருக்கும் பிள்ளகுட்டி இருக்காதா? சம்பளம் இல்லாத வேலைன்னு நீதான சொன்ன." வாயை மூடச் சொன்னேன். அப்புறம் காபி போட்டுக் கொடுத்தேன்.

கேட்டு நச்சரிக்கலாமா? விதியில் பார்த்தேன். ஒரு முறை நினைவூட்டலாம். நினைவூட்டினேன். மூன்றே வரி. முதல் பத்தியெல்லாம் இல்லை.

இல்லையென்று வந்தால்? அடுத்து என்ன என்பதையும் படித்துவைத்துவிட்டேன். வெளியீடு வந்த பிறகும் அதே கிளையில் சின்னச் சின்னத் திருத்த வெளியீடுகள் வரும். முதலாவது ஆகஸ்டு வாக்கில் இருக்கும். அதில் கேட்பேன். அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்ததில். விடமாட்டேன். ஆனால் எச்.எம். ஆகஸ்டு வரை காத்திருக்கமாட்டார்.


மே 13, புதன்

கோடை மழை! ஒரு மணி நேரம் ஊற்றியது. துணி நனைந்தது, போகட்டும்.

ஹெ. ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எண் இல்லாத வரிகளில் குரல் தாமதமாகிறதா? நான் பார்ப்பதற்குள் இ.சார் பதில் போட்டுவிட்டார்: "இல்லை. வழக்கமான வேகம்தான். என் வழக்கமான வேகத்தில் உங்களால் கேட்க முடியாது."

அய்யோ சார்!


மே 14, வியாழன்

ஹெ.: "சேர்த்தாயிற்று. நல்ல அறிக்கை."

அவ்வளவுதான். மூன்றே சொல்.

இந்த முறை சொன்னதை நம்பி யாருக்கும் போன் போடவில்லை. வெ.கி.யைத் திறந்து என் கண்ணால் பார்த்தேன். இருக்கிறது. சாயங்காலம் புதிய முன்னோட்டத்தை ஏற்றினேன். 1947 பேசியது. 15/8/1947 பேசியது. அப்புறம்தான் போன்.

"எச்.எம்.கிட்ட சொல்லிரட்டா?" என்றார் இ.சார்.

"சொல்லாதிய. புதுக் கணினி வரட்டும். நீங்களே கேட்டப்பொறம் சொல்லுங்க."

"இப்பந்தான் ஒங்களுக்குப் புத்தி வந்திருக்கு."

இவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். "சொதி இல்லையா?"

இல்லை. ரசம்தான்.


ஜூன் 5, வெள்ளி

காற்று. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதாம், இங்கே தூசிதான்.

வெளியீடு போன வாரம் வந்தது. பள்ளிக்கூடங்களும் திறந்தாயிற்று. புதுக் கணினிகள் புதன்கிழமை இறங்கியதாக இவர் கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள். இ.சாரிடமிருந்து போன் இல்லை. நேற்றும் இல்லை. நானாகக் கேட்கப் பயம். பூட்டிய கணினியில் வேறு ஏதாவது இடறியிருந்தால்? எச்.எம். மனசு மாறியிருந்தால்? லேப்பில் பிள்ளைகள் இரைச்சல். ஒருத்தியை அநியாயமாக ஏசிவிட்டேன். பிறகு கூப்பிட்டுச் சமாதானம் சொன்னேன்.

பதினொன்றரைக்கு இ.த.விலிருந்து தானியங்கி மடல். தமிழ்க் குரலில் புதுப் பிழை ஒன்று பதிவாகியிருக்கிறது. பதிந்தவர் பேரைப் பார்த்தேன். இ.சார்.

திறந்தேன்.

"பதிப்பு: புதிய வெளியீடு, பள்ளிக் கணினி. ஆண்டுகளும் தேதிகளும் சரியாக வாசிக்கப்படுகின்றன. ஒரு குறை: 12-B என்பதைப் 'பன்னிரண்டு கழித்தல் பி' என்று வாசிக்கிறது. அவசரம் இல்லை. அடிமரத்தில் திருத்தினால் போதும், அடுத்த வெளியீட்டில் வரட்டும். ஆனால் கழிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை முதல் அது என் வகுப்பு."